இன்னும் முயல்கிறேன்

இரவு இரண்டு பத்துக்கு போன்.
மூன்றாம் கேட்டிலிருந்து இருதயராஜ்.
"இன்னா மேடம், ஒரு பாஸ் தொறக்கறதுக்குள்ள
ஒரு டீயே குடிச்சிட்டு வந்துடறேன்.
வண்டிங்க எர்ணாவூர் வரைக்கும் நிக்குது."

சர்வர் அறையில் பதினெட்டு டிகிரி.
துப்பட்டாவை இழுத்துப் போர்த்திக்கொண்டு பார்க்கிறேன்.
டிஸ்க் சும்மா இருக்கிறது.
பிராசஸர் கொட்டாவி விடுகிறது.
கடைக்காரர் ஈ ஓட்டுகிறார்,
தெருவிலோ சரக்குக்குத் தள்ளுமுள்ளு.
அப்படியென்றால் கோளாறு நடுவழியில்.

கேட் கம்ப்யூட்டருக்குள் இங்கிருந்தே நுழைந்தேன்.
ஃபோல்டரைத் தட்டினால்
கண்டெய்னர் எண்கள் மளமளவென்று வருகின்றன.
அதில் ஒன்றைத் திற என்றால் மட்டும்
திரை அப்படியே நிற்கிறது,
பேரைக் கேட்டால் சொல்லி
பணத்தைக் கேட்டால் வாயடைத்துப்போகும்
கடனாளி மாதிரி.

பிங் போட்டேன்.
சின்னப் பொட்டலம் ஓடிப்போய் ஓடிவந்தது.
பெரிதாகக் கட்டி அனுப்பினேன்.
பத்தில் மூன்று திரும்பவில்லை.

லாக் முழுக்க இரண்டே வரிகள்:
சர்வர் பதில் சொல்லவில்லை, இன்னும் முயல்கிறேன்.
சர்வர் சரி.
சர்வர் பதில் சொல்லவில்லை, இன்னும் முயல்கிறேன்.
பக்கம் பக்கமாக.
எந்த வரியிலும் குரல் உயரவில்லை.

கொடுங்கையூரில் தூங்கிக்கொண்டிருந்த கோதண்டபாணியை எழுப்பினேன்.
"மவுண்ட்டை சாஃப்ட்டா மாத்திடு நஸீமா.
கொஞ்ச நேரம் பாத்துட்டு அதுவே விட்டுடும்."

விட்டுவிடும்தான்.
பாதி எழுதின பாஸை
முழுசு என்று மூடிவிட்டுப் போய்விடும்.
பிறகு எந்த வண்டியில் எந்தப் பெட்டி போனதென்று
யாருக்கும் தெரியாது.
ஹார்டாகவே இருக்கட்டும்.
கொன்றாலும் சாகாமல், உலுக்கினாலும் எழாமல்
டி நிலையில் உறங்கும் பிராசஸ்கள் பதினொன்று.
வெளியே வண்டிகள் எத்தனையோ.

கடைசியாகத்தான் அந்தக் கேள்வியைக் கேட்டேன்,
முதலில் கேட்டிருக்க வேண்டியதை:
உன் வேகம் என்ன?
ஆயிரம் இருக்க வேண்டிய இடத்தில்
நூறு என்றது.

டார்ச், கிரிம்பர், ஒரு பிளேடு.
டிரெய்லர்களுக்கு நடுவே நடந்தேன்.
உரக் கம்பெனி வாடை ஒரு பக்கம்,
மறுபக்கம் கடல்.
கேட் கம்பத்துப் பெட்டியின் ரப்பர்
போன மழையிலேயே போய்விட்டிருக்கிறது.
வரிசையில் முதல் வண்டி காக்கிநாடா நூக்கராஜுவுடையது.
ஸ்டியரிங்கில் வைத்திருந்த நெற்றியை எடுத்துவிட்டு
இறங்கிவந்து டார்ச் பிடித்தார்.

பிளக்கின் எட்டுப் பற்களில் நான்கில்
பச்சையாய்க் களிம்பு.
செப்புக் குடத்தில் ஏறும் அதே களிம்பு.
குடத்துக்குப் புளி இருக்கிறது.
இதற்குக் கழுத்தை வெட்டுவதுதான்.

"இதுக்கா மேடம்?" என்றார் நூக்கராஜு.
அவருக்குப் பின்னால் நாற்பது அடிப் பெட்டி,
அதற்குப் பின்னால் இன்னொன்று,
சாலை வளைகிற வரை சிவப்பு விளக்குகள்.

வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு,
வெள்ளைப் பச்சை, நீலம்,
வெள்ளை நீலம், பச்சை,
வெள்ளைப் பழுப்பு, பழுப்பு.
விரல் நடுங்கி ஒருமுறை தப்பாகி,
மறுபடி வெட்டி, மறுபடி அடுக்கி, அழுத்தினேன்.
டக்.

கேபினுக்குள்ளிருந்து இருதயராஜின் பிரிண்டர்
ஒரேயடியாகப் பேச ஆரம்பித்தது.
பிடித்துவைத்திருந்த பாஸெல்லாம்
ஒன்றன்மேல் ஒன்றாய் விழுந்தன.
நூக்கராஜு டார்ச்சை அணைக்காமலே
பானெட்மேல் வைத்துவிட்டு ஏறிப்போனார்.
பிறகு எட்டிக் கொடுத்தார்.

ஐந்தே காலுக்குப் படிவம்.
காரணம்: சர்வர், சாஃப்ட்வேர், பயனர் தவறு, மற்றவை.
மற்றவையைத் தொட்டு
கடல் என்று எழுதினேன்.

மத்தியானம் பார்த்தபோது
மேனேஜர் அதை அழித்துவிட்டு
கேபிள் என்று போட்டிருந்தார்.
அதுவும் சரிதான்.

நான்காம் கேட்டின் பெட்டியை
நான் இன்னும் திறந்து பார்க்கவில்லை.